நாய்ப் படத்துக்கு ஒரு முகவரி

ராஜபாளையம் நாய்களை வளர்த்து விற்கும் ஒருவர், தன் பண்ணைக்கு ஓர் இணைய முகவரி வைத்துக்கொள்ள நினைக்கிறார் என்று கொள்வோம். ஊர் வன்னியம்பட்டி. ஒரு பக்கம் ராஜபாளையம், ஒரு பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர். வெள்ளை வெளேரென்ற அந்த நாய்களைத் தேடி வெளிமாநிலங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். தமிழில் பெயர் வைத்தால் அவர்களுக்குப் படிக்கத் தெரியாது. ஆங்கிலத்தில் வைக்க இவருக்கு மனமில்லை. கைப்பேசியின் இமோஜி வரிசையில் ஒரு நாய்ப் படம் இருக்கிறது. அந்தப் படத்தையே முகவரியாக வைத்துக்கொள்ள முடியுமா?

முடியும். அதற்குப் பதில் சொல்லும் ஒரு சர்வரைப் பள்ளிக் கணினி அறையிலேயே நிறுவிவிடலாம். இந்த அத்தியாயத்தில் அதை எப்படிச் செய்வதென்று பார்ப்போம். ஆனால் செய்து முடித்த பிறகு இன்னொரு கேள்வி வரும்: அந்தப் படம் உண்மையிலேயே முகவரி ஆகிவிட்டதா? ஒரு பெயர் முகவரியாக வேண்டுமென்றால், அதைத் தட்டச்சு செய்பவர், படிப்பவர், கேட்டு எழுதுபவர், இடையில் நிற்கும் எல்லா இயந்திரங்கள் என அனைவருக்கும் அது ஒரே பெயராக இருக்க வேண்டும். இமோஜிகள் வருவதற்கு முன்பே தமிழ் இந்தச் சோதனைக்குள் நுழைந்துவிட்டது. ஆகவே நாய்ப் படத்தின் கதையைச் சொல்லத் தமிழ் முகவரிகளின் கதையையும் சொல்ல வேண்டும்.

பெயரிலிருந்து எண்ணுக்கு

இணையத்தில் கணினிகள் ஒன்றையொன்று எண்களால்தான் அடையாளம் காண்கின்றன. அந்த ஐபி எண்களை மனிதர்கள் நினைவில் வைத்துக்கொள்வது கடினம் என்பதால் பெயர்கள் வந்தன. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் எல்லாப் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு அதைப் பராமரித்தது. புதிய கணினி சேர்ந்தால் அந்தக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். மற்றவர்கள் கோப்பைப் புதிதாக இறக்கிக்கொள்ள வேண்டும். கணினிகள் பெருகப் பெருக இந்த ஏற்பாடு தாங்கவில்லை.

1983-இல் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய பால் மொக்கபெட்ரிஸ் புதிய ஏற்பாடு ஒன்றை வகுத்தார். அதுதான் டிஎன்எஸ் எனப்படும் டொமைன் பெயர் அமைப்பு. 1987-இல் வெளியான ஆர்எஃப்சி 1034, 1035 என்ற இரண்டு ஆவணங்கள் இன்றும் அதன் அடித்தளம்.

நம் அஞ்சல் முகவரியைக் கீழிருந்து மேலாகப் படித்தால் அதன் அமைப்பு விளங்கிவிடும். தமிழ்நாடு, விருதுநகர் மாவட்டம், வன்னியம்பட்டி, தெரு, வீடு என்று ஒவ்வொரு படியாக இறங்குகிறோம். ஒவ்வொரு படியிலும் இருப்பவருக்குத் தனக்கு அடுத்த படி மட்டும் தெரிந்தால் போதும். டொமைன் பெயரும் இப்படித்தான், வலமிருந்து இடமாகப் படிக்கப்படுகிறது. கடைசிப் புள்ளிக்கு வலப்பக்கம் உள்ள பகுதி மேல்நிலை டொமைன். அதை யார் நிர்வகிக்கிறார்கள் என்பதை வேர் சர்வர்கள் சொல்லும். அவர் அடுத்த பகுதிக்குப் பொறுப்பானவரைச் சொல்வார். அவர் எண்ணைச் சொல்வார். வேர் சர்வர்களுக்கு 13 பெயர்கள் உண்டு. தொடக்கத்தில் ஒரு டிஎன்எஸ் செய்தி 512 பைட்டுக்குள் அடங்க வேண்டியிருந்ததே எண்ணிக்கை 13-இல் நின்றதற்குக் காரணம். இன்று அந்த 13 பெயர்களுக்குப் பின்னால் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் பதில் சொல்கின்றன.

36 குறிகளும் ஒரு சிறு கோடும்

புள்ளிகளுக்கு இடையே வரும் ஒவ்வொரு பகுதியையும் லேபிள் என்பார்கள். செய்தியில் லேபிளுக்கு முன்னால் அதன் நீளத்தைச் சொல்லும் ஒரு பைட் வரும். அந்த பைட்டின் எட்டு பிட்களில் முதல் இரண்டு வேறு வேலைக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. மிச்சமுள்ள ஆறு பிட்களில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 63. அதனால் ஒரு லேபிள் 63 பைட்டுக்கு மேல் போக முடியாது.

அந்த 63 இடங்களில் எதை எழுதலாம்? டிஎன்எஸ் நெறிமுறை இதில் தாராளமானது. எந்த பைட்டும் லேபிளில் வரலாம் என்று 1997-இல் வெளியான ஆர்எஃப்சி 2181 தெளிவாகவே சொல்கிறது. கட்டுப்பாடு வேறோர் இடத்திலிருந்து வந்தது. கணினிகளுக்குப் பெயர் வைப்பதற்கான பழைய விதி, ஆங்கிலத்தின் 26 எழுத்துகள், 10 இலக்கங்கள், ஒரு சிறு கோடு ஆகியவற்றை மட்டும் அனுமதித்தது. மின்னஞ்சல் மென்பொருள், பிரவுசர், ரவுட்டர் எல்லாம் அந்த விதியை நம்பி எழுதப்பட்டவை. வேறு குறி வந்தால் அவற்றில் எது தடுமாறும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. டிஎன்எஸ் ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே கருதும். எனவே வேறு மொழிப் பெயரை ஆங்கில எழுத்துகளாக மாற்ற நினைத்தால், கையில் இருப்பவை 26-உம் 10-உம் சேர்ந்த 36 குறிகள்தான். அந்த 36 குறிகளுக்குள், 63 இடங்களுக்குள், உலகின் எல்லா எழுத்துகளும் அடங்க வேண்டும்.

சிங்கப்பூரில் தொடங்கிய வேலை

தமிழுக்கும் இந்தக் கேள்விக்கும் உள்ள உறவு சிங்கப்பூரில் தொடங்குகிறது. 1995-இல் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளையும் இணையத்தில் வைக்கும் முயற்சி ஒன்று நடந்தது. அதில் தமிழ் எழுத்துகளைத் திரையில் கொண்டுவந்தவர் எழுத்தாளரும் பேராசிரியருமான நா. கோவிந்தசாமி. அவருடன் உழைத்தவர்களில் முக்கியமானவர்கள் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீயும் லியோங் கோக் யோங்கும். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1997 மே மாதம், தமிழ் இணையத்துக்கான முதல் மாநாடு அதே பல்கலைக்கழகத்தில் கூடியது.

பக்கத்தில் தமிழ் வந்துவிட்டது. முகவரியில் வரவில்லை. தமிழ்ப் பக்கத்தைத் திறக்கவும் ஆங்கில எழுத்துகளைத்தான் தட்ட வேண்டியிருந்தது. 1998-இல் டான் டின் வீயின் குழு இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தது. 1996 டிசம்பரில் மார்ட்டின் டூர்ஸ்ட் முன்வைத்திருந்த ஒரு முறை அவர்களுக்குத் தொடக்கப்புள்ளி. பயனருக்கும் வழக்கமான டிஎன்எஸுக்கும் நடுவே தாங்களே எழுதிய ஒரு சர்வரை நிறுத்தினார்கள். பிறமொழிப் பெயர் வந்தால் அது ஆங்கில எழுத்துச் சரமாக மாற்றி அனுப்பும். 1999-இல் சீனா, ஜப்பான், கொரியா, தாய்லாந்து உள்ளிட்ட ஆசிய நாடுகளின் டொமைன் பதிவகங்கள் சேர்ந்து இதைச் சோதித்தன.

டூர்ஸ்டின் முறையில் ஒரு குறை இருந்தது. அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று ஆங்கிலக் குறிகள் செலவாகும். வன்னியம்பட்டி என்ற பெயரைக் கணினி எப்படிச் சேமிக்கிறது என்று பாருங்கள். நம் கண்ணுக்கு எட்டு எழுத்துகள். யூனிகோடில் மெய்யெழுத்தின் புள்ளியும் இகரக் கொக்கியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் மொத்தம் 13. அவற்றை மூன்றால் பெருக்கினால் 39 குறிகள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 18 குறியீடுகள். 54 குறிகள் தேவை. 63 என்ற எல்லை கிட்டத்தட்ட நிரம்பிவிடும். பெயருக்குப் பின்னால் ‘பால்கோவா’ என்று சேர்க்கக்கூட இடமிருக்காது.

படத்தை எழுத்தாக்கும் கணக்கு

2000-இல் இணையப் பொறியியல் செயற்குழு இதற்கென ஒரு பணிக்குழுவை அமைத்தது. 2003 மார்ச்சில் முடிவு வெளியானது. அதன் இதயம் ஆடம் காஸ்டெல்லோ உருவாக்கிய ப்யூனிகோட் என்ற கணக்குமுறை. இப்படி மாற்றப்பட்ட ஒவ்வொரு லேபிளின் தலையிலும் எக்ஸ், என் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் இரண்டு சிறு கோடுகளும் இருக்கும். இது சாதாரண ஆங்கிலப் பெயரல்ல, மாற்றி எழுதப்பட்ட பெயர் என்பதற்கான அடையாளம் அது.

ப்யூனிகோட் எழுத்துகளை ஒவ்வொன்றாக மாற்றுவதில்லை. பெயரிலுள்ள குறியீடுகளில் மிகச் சிறிய எண்ணை முதலில் எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்துக்கான எண்கள் முடிந்த இடமான 128-இலிருந்து அதற்கு எவ்வளவு தூரம் என்று எண்ணி, அந்தத் தூரத்தை மட்டும் எழுதுகிறது. அடுத்த குறியீட்டுக்கு, அங்கிருந்து எவ்வளவு தூரம், பெயரில் எந்த இடம் என்ற இரண்டையும் ஒரே எண்ணாகக் கோத்து எழுதுகிறது. ஒரே மொழியின் எழுத்துகள் யூனிகோடில் பக்கம் பக்கமாக இருப்பதால் முதல் தாவல் மட்டும் பெரிது. மற்றவை சிறிய அடிகள்.

வன்னியம்பட்டியில் மிகச் சிறிய எண் ‘ட’வுக்கு உரியது: 2975. முதல் தாவல் 2847; அதை எழுத மூன்று குறிகள் போதும். இரண்டாவது ‘ட’வுக்குத் தாவலே இல்லை, அதற்கு ஒரே குறி. இப்படி மொத்தப் பெயரும் 19 குறிகளில் முடிந்துவிடுகிறது. தலையடையாளத்தையும் சேர்த்தால் 23. முன்பு 39 கேட்ட பெயர் இது. இந்த முறையின் தடயத்தை நம் நாட்டு டொமைன்களிலேயே பார்க்கலாம். ‘.இந்தியா’, ‘.இலங்கை’ இரண்டின் உருமாறிய வடிவங்களும் தலையடையாளத்துக்குப் பின் எக்ஸ், கே, சி என்ற அதே மூன்று எழுத்துகளில் தொடங்குகின்றன. இரண்டிலும் மிகச் சிறிய எண் ‘இ’க்கு உரியது, ஆகவே முதல் தாவல் ஒன்றே.

இப்போது நாய்ப் படத்துக்கு வருவோம். யூனிகோடு அதற்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறது: 128021. கணக்குமுறைக்கு அது எழுத்தா படமா என்ற கவலை இல்லை. 128-ஐக் கழித்தால் 127893. இந்த எண்ணை 36 குறிகளால் எழுத வேண்டும். ஆங்கிலத்தின் முதல் எழுத்துக்கு மதிப்பு 0, கடைசி எழுத்துக்கு 25. 0 முதல் 9 வரையான இலக்கங்களுக்கு 26 முதல் 35 வரை. ஒரு தாளை எடுத்துக்கொண்டு கூடவே போட்டுப் பாருங்கள்.

127893-இல் 1 கழித்து 35-ஆல் வகுத்தால் ஈவு 3654, மீதி 2. மீதியோடு அந்த 1-ஐச் சேர்த்தால் 3. அது ஆங்கில ‘டி’. அடுத்து 3654-இல் 1 கழித்து 35-ஆல் வகுத்தால் ஈவு 104, மீதி 13. ஒன்றைச் சேர்த்தால் 14, அது ‘ஓ’. மூன்றாவது இடத்தில் விதி மாறுகிறது: 26-ஐக் கழித்து 10-ஆல் வகுக்க வேண்டும். 104-இல் 26 போனால் 78. ஈவு 7, மீதி 8. 26-ஐத் திரும்பச் சேர்த்தால் 34. அது 8 என்ற இலக்கம். மிச்சமுள்ள 7, 26-ஐவிடச் சிறியது என்பதால் கணக்கு இங்கே நிற்கிறது. 7 என்பது ‘ஹெச்’. ஆக டி, ஓ, 8, ஹெச். முன்னால் தலையடையாளத்தைச் சேர்த்தால் எட்டே குறிகளில் நாய்ப் படம் டிஎன்எஸுக்குள் நுழையத் தயார்.

வன்னியம்பட்டியில் ஒரு சர்வர்

ஒரு கணினி அறை. ராஸ்பெர்ரி பை போன்ற கையளவுக் கணினி ஒன்று. அதே வைஃபையில் நான்கைந்து கைப்பேசிகள். இவ்வளவு போதும்.

முதலில் ஒரு மேல்நிலை டொமைனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மனம்போன பெயரை வைத்தால் நாளை அதே பெயர் வெளி இணையத்திலும் வந்து மோதக்கூடும். இதற்காகவே 2024 ஜூலையில், இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு, ‘உள்ளே’ எனப் பொருள்படும் ‘இன்டர்னல்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தனியார் வலைப்பின்னல்களுக்கென ஒதுக்கியது. அது வேர் சர்வர்களில் ஒருபோதும் இடம்பெறாது. நம் முகவரி, நாய்ப் படம், புள்ளி, இன்டர்னல்.

சர்வருக்கான நிரல் செய்ய வேண்டியவை நான்கு. 53-ஆம் எண் போர்ட்டில் காது கொடுத்திருக்க வேண்டும். வரும் செய்தியில் பெயரைப் பிரித்தெடுக்க வேண்டும். அது தன் பட்டியலில் இருந்தால் எண்ணைப் பதிலாக அனுப்ப வேண்டும். இல்லையென்றால் வெளியில் உள்ள வேறொரு டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டு அந்தப் பதிலைக் கொண்டுவர வேண்டும். பைதான் தெரிந்த மாணவர் சில பக்கங்களில் இதை எழுதிவிடலாம். எழுத வேண்டாமென்றால் பைண்ட், அன்பவுண்ட், டிஎன்எஸ்மாஸ்க் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. பைண்ட் 1980-களில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் எழுதத் தொடங்கியது. மாணவர்களுக்கு இது புதிய நிலம் அல்ல.

வரும் கேள்வியைப் பிரித்துப் பார்த்தால் அதன் சிக்கனம் புரியும். தலைப்பகுதி 12 பைட். நீளம் 8 என்று சொல்லும் ஒரு பைட், பின்பு உருமாறிய நாய்ப் படத்தின் 8 குறிகள். மீண்டும் 8 என்று ஒரு பைட், ‘இன்டர்னல்’ என்பதன் 8 ஆங்கில எழுத்துகள். பெயர் முடிந்தது என்று சொல்லும் ஒரு சுழியம். எந்த வகைத் தகவல், எந்த வகுப்பு என்று சொல்ல 4 பைட். கூடுதல் விவரங்கள் சேர்க்காத கேள்வி மொத்தம் 35 பைட். பதிலில் அந்தக் கேள்வியையே திருப்பி எழுதி, 16 பைட்டைச் சேர்த்தால் போதும், 51.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்தப் பரிமாற்றத்தில் நாய்ப் படம் எங்குமே வரவில்லை. பிரவுசர் அதைக் கேள்வி கேட்பதற்கு முன்பே ஆங்கிலச் சரமாக மாற்றிவிட்டது. நம் சர்வரின் பட்டியலிலும் அந்தச் சரம்தான் இருக்கிறது. 1998-இல் சிங்கப்பூரில் நடுவே நின்ற சர்வர் செய்த வேலை, இப்போது ஒவ்வொரு கைப்பேசியின் பிரவுசருக்குள்ளும் நடக்கிறது. இமோஜிக்கென்று தனி டிஎன்எஸ் தேவைப்படாததன் காரணம் இதுதான்.

நடைமுறையில் மூன்று இடங்களில் கவனம் வேண்டும். வைஃபை ரவுட்டரின் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாக நம் கணினியின் எண்ணைக் கொடுக்க வேண்டும். சில கைப்பேசிகள் மறைகுறியாக்கிய டிஎன்எஸைப் பயன்படுத்தி ரவுட்டர் சொல்வதைத் தாண்டிப் போய்விடும். அந்த அமைப்பை நிறுத்திவைக்க வேண்டும். முகவரிப் பெட்டியில் படத்தை வெறுமனே தட்டினால் பிரவுசர் அதைத் தேடுசொல்லாக எடுத்துக்கொள்ளலாம். முன்னால் ஹெச்டிடிபி என்று முழுமையாகத் தட்டினால் முகவரி என்று புரிந்துகொள்ளும்.

பக்கம் திறந்துவிடும். அந்த அறைக்குள் மட்டும். வாசலைத் தாண்டிய கைப்பேசி வேறு சர்வரைக் கேட்கும். அதற்கு இந்தப் பெயர் தெரியாது. உலகம் முழுக்கத் தெரிய வேண்டுமென்றால் ஒரே வேரிலிருந்து தொடங்கும் சங்கிலியில் இடம்பிடிக்க வேண்டும்.

வெளியுலகில் ஏன் அனுமதி இல்லை

அந்தச் சங்கிலியில் இமோஜிக்கு ஒருகாலத்தில் வழி இருந்தது. 2003-இன் விதிகள் படக்குறிகளையும் ஏற்றுக்கொண்டன. 2010-இல் வெளியான திருத்தப்பட்ட விதிகள் எழுத்து, எழுத்தோடு சேரும் குறி, இலக்கம் ஆகியவற்றுக்கு மட்டும் இடம் கொடுத்துவிட்டுப் படக்குறிகளை விலக்கின. ஐகானோடு ஒப்பந்தம் செய்துகொண்ட பொது டொமைன்கள் இதற்குக் கட்டுப்பட்டவை. நாட்டு டொமைன்கள் தம் விதிகளைத் தாமே வகுத்துக்கொள்ளலாம். ஆகவே பசிபிக் தீவு நாடான சமோவாவின் டொமைன் போன்ற சிலவற்றில் இமோஜி முகவரிகள் இன்றும் விற்கப்படுகின்றன. ஐகானின் பாதுகாப்பு ஆலோசனைக் குழு 2017 மே மாதம் தந்த அறிக்கை, இமோஜி கொண்ட மேல்நிலை டொமைன்களை மறுக்க வேண்டும், மற்ற நிலைகளிலும் இமோஜிப் பதிவுகளை ஊக்குவிக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது.

காரணத்தை நம் நாய்ப் படமே சொல்லும். யூனிகோடில் முழு நாய்க்கு எண் 128021. நாயின் முகத்துக்கு 128054. பூடில் வகை நாய்க்கு 128041. பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்க்கு 129454. பணியில் உதவும் நாய்க்குத் தனி எண்ணே இல்லை. முழு நாய், கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறி, பாதுகாப்பு மேலங்கி என்று மூன்று குறியீடுகளைக் கோத்துத்தான் அந்தப் படம் வருகிறது. பழைய கைப்பேசியில் அது நாயும் மேலங்கியுமாகப் பிரிந்து தெரியும்.

யூனிகோடு எண்ணையும் பெயரையும் தருகிறது. படத்தை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வரைகிறது. ஒரு கைப்பேசியில் பழுப்பு, இன்னொன்றில் வேறு சாயல். ராஜபாளையம் நாயின் மெலிந்த, வெள்ளை உருவத்தை எந்தக் கைப்பேசியிலும் தேடிப் பிடிக்க முடியாது. பண்ணைக்காரர் தொலைபேசியில் “நாய்ப் படத்தைப் போடுங்கண்ணே” என்று சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் முழு நாயைத் தட்டுவாரா, முகத்தைத் தட்டுவாரா? முகத்தின் எண் மாறுவதால் உருமாறிய சரத்தின் முதல் இரண்டு குறிகளும் மாறிவிடும். வேறு முகவரி, வேறு ஒருவரின் பக்கம், அவர் ஏமாற்றுக்காரராகவும் இருக்கலாம். மனித உருவங்களுக்கு ஐந்து தோல் நிறங்கள் உண்டு. கைகூப்பும் படம் ஒன்றை முகவரியாக வைத்தால் மஞ்சளோடு சேர்த்து ஆறு முகவரிகளை வாங்க வேண்டும்.

எழுத்துகளிலும் இந்த ஆபத்து உண்டு. 2017-இல் ஷுடாங் ஜெங் என்ற பாதுகாப்பு ஆய்வாளர், ரஷ்யம் முதலிய மொழிகள் எழுதப்படும் சிரிலிக் எழுத்துகளை மட்டும் கொண்டு ஆப்பிள் நிறுவனத்தின் பெயர்போலவே தோன்றும் ஒரு முகவரியைப் பதிவுசெய்து காட்டினார். அப்போதைய சில முன்னணி பிரவுசர்களில் உண்மைக்கும் போலிக்கும் வேறுபாடே தெரியவில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரின் இரண்டு உருவங்கள்

தமிழும் இதிலிருந்து தப்பவில்லை. ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்வோம். ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேமிக்கலாம். கொம்பும் காலும் என்று இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு அறிவித்திருப்பதால் பிரவுசர் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. இந்தச் சிக்கல் தீர்ந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரின் முதல் எழுத்தில் அப்படித் தீராத சிக்கல் இருக்கிறது. தொடக்கத்தில் அதை 3000 என்ற எண் கொண்ட ‘ஸ’, புள்ளி, ‘ர’, ஈகாரக் குறி என்று நான்கு குறியீடுகளாகச் சேமித்தார்கள். 2005-இல் யூனிகோடு 4.1 பதிப்பில் ‘ஶ’ என்ற கிரந்த எழுத்து 2998 என்ற எண்ணோடு சேர்ந்தது. அதன் பிறகு ‘ஸ’வுக்குப் பதில் ‘ஶ’வைக் கொண்டு சேமிப்பதே பொருத்தமான முறை என்றானது. பழைய முறையும் ஒழியவில்லை. பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டையும் அச்சு அசலாக ஒரே வடிவில் காட்டுகின்றன. எந்த விசைப்பலகை எந்த முறையைத் தருகிறது என்பது கருவிக்குக் கருவி மாறுகிறது. இவை இரண்டும் ஒன்றே என்று யூனிகோடு அறிவிக்கவில்லை. ஆகவே பிரவுசர் ஒன்றாக்குவதும் இல்லை. ஆண்டாள் பிறந்த ஊரின் பெயரில் கடை வைத்திருக்கும் பால்கோவா வியாபாரி ஒரு வடிவத்தைப் பதிவுசெய்தால், இன்னொரு வடிவம் யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கக்கூடும். ‘ஔ’வும், ‘ஒ’வுக்குப் பக்கத்தில் ‘ள’ வைத்ததும் இதே வகை. ‘க’வும் தமிழ் எண் ஒன்றாகிய ‘௧’வும் இதே வகை.

நாயின் முகமும் முழு நாயும் தரும் அதே இடர் இங்கும் இருக்கிறது. ஆனால் தமிழுக்கு ஒரு வலு உண்டு. எந்த உயிர்க்குறி எந்த மெய்யோடு சேரும், புள்ளி எதன் மேல் வரும், எது எழுத்து, எது எழுத்தல்ல என்பதற்கு இலக்கணம் இருக்கிறது. அதில் படித்தவர் எல்லோருக்கும் உடன்பாடு இருக்கிறது. அதை விதிகளாக எழுதி இயந்திரத்திடம் கொடுக்க முடியும். பிராமியிலிருந்து வந்த எழுத்துமுறைகளுக்காக அமைந்த வல்லுநர் குழு இந்தப் பணியைச் செய்து, 2019-இல், மேல்நிலை டொமைன்களின் பட்டியலான வேர் மண்டலத்துக்குரிய தமிழ் விதித்தொகுப்பை முன்வைத்தது. எந்தக் குறியீடுகள் வரலாம், எந்த வரிசையில் வரலாம், ஒன்றுபோல் தோன்றும் எந்த இணைகளை ஒருவருக்கே ஒதுக்க வேண்டும் என்று அது வரையறுக்கிறது. வேர் மண்டலத்தில் இலக்கங்களுக்கே இடமில்லை என்பதால் ‘௧’வின் தொல்லை அங்கே வராது. நாய்ப் படங்களில் எவையெல்லாம் ஒன்று என்று தீர்மானிக்க அப்படிப்பட்ட இலக்கணம் எதுவும் கிடையாது. முகவரி உலகில் தமிழுக்குக் கதவு திறந்ததும் இமோஜிக்குத் திறக்காததும் இந்த வேறுபாட்டால்தான்.

அந்தக் கதவு திறக்கவும் காலம் பிடித்தது. 2007 அக்டோபரில் ஐகான் 11 சோதனை டொமைன்களை வேரில் சேர்த்தது. அவற்றில் தமிழும் ஒன்று, ‘உதாரணம்.பரிட்சை’ என்பது அந்த முகவரி. 2010-இல் ‘.இலங்கை’ வேரில் இடம்பெற்றது. ‘.சிங்கப்பூர்’, ‘.இந்தியா’ ஆகியவையும் வந்து சேர்ந்தன. மூன்று நாடுகளின் பெயர்களில் தமிழ் எழுத்தால் ஆன மேல்நிலை டொமைன்கள் இன்று இருக்கின்றன.

செய்து பார்க்க வேண்டியது

இருந்தும் தெருவில், கடைப் பலகையில், திருமண அழைப்பிதழில் தமிழ் முகவரியைப் பார்ப்பது அரிது. முகவரி கிடைத்தாலும் அதை ஏற்றுக்கொள்ளாத படிவங்களும் செயலிகளும் இன்னும் ஏராளம். மின்னஞ்சல் கேட்கும் பெட்டியில் தமிழ் டொமைனைத் தட்டினால் ‘தவறான முகவரி’ என்று சொல்லும் தளங்கள் பல. 2003-க்கு முன்பிருந்த விதியை மனதில் வைத்து எழுதப்பட்ட நிரல் வரி ஒன்று எங்கோ அப்படியே இருப்பதுதான் காரணம். டிஎன்எஸ் எப்போதோ தயாராகிவிட்டது. மேலே கட்டப்பட்ட மென்பொருள்கள்தான் தயாராகவில்லை.

இதைத் திருத்தத் தமிழ் தெரிந்த கண்கள் வேண்டும். ஸ்ரீயின் இரண்டு உருவங்களும் ஒன்றே என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தொலைவில் உட்கார்ந்து நிரல் எழுதுபவருக்குச் சொன்னால்தான் தெரியும். நாய்ப் படத்துக்காக நிறுவிய அதே சர்வரை இதற்குப் பயன்படுத்தலாம். அதன் பட்டியலில் உங்கள் ஊர்ப் பெயரைத் தமிழில் சேருங்கள். ஊர்ப் பெயரில் ஸ்ரீ இருந்தால் இரண்டு உருவங்களையும் சேர்த்து, இரண்டுக்கும் ஒரே ஐபி எண்ணைக் கொடுங்கள். பிறகு அறையிலுள்ள ஒவ்வொரு கைப்பேசியிலும் ஒவ்வொரு விசைப்பலகையாலும் அந்தப் பெயரைத் தட்டி, எந்தக் கருவி எந்த உருவத்தைக் கேட்கிறது என்று சர்வரின் பதிவேட்டில் பாருங்கள். எது திறக்கிறது, எது மறுக்கிறது, எது முகவரியைத் தேடுசொல்லாக எடுத்துக்கொள்கிறது என்று ஓர் அட்டவணை தயாரியுங்கள். அந்த அட்டவணையை அந்தந்த மென்பொருளை உருவாக்குபவர்களுக்கு அனுப்புங்கள். திறந்தமூல மென்பொருள்களில் இப்படி வரும் குறைப் புகார்களை யார் வேண்டுமானாலும் பதியலாம், திருத்தத்தையும் அனுப்பலாம். ஒரு வகுப்பு ஒரு பருவத்தில் இந்த வேலையைச் செய்து முடித்தால், தமிழில் முகவரி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் அது பயன்படும்.